ஈரக்குலையை வைத்து இரத்த ஓட்டம் படிப்போம்: ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். இதயப் படம் வரையச் சொன்னால் எல்லோரும் அச்சில் வார்த்தது போல வரைந்துவிடுவார்கள். நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம், அம்புக்குறி எல்லாம் கச்சிதமாக இருக்கும். அக்கா மகள் நர்சிங் சேர்ந்த புதிதில் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இடது கையில் ஏற்றுகிற குளுக்கோஸ் மூளைக்கு எந்த வழியாகப் போகும்?"

கொஞ்சம் யோசித்தாள். "கையிலிருந்து தோள், கழுத்து, அப்புறம் தலை. நேரா மேலதானே மாமா?"

நேராகப் போகாது. முதலில் நுரையீரலுக்குப் போய்விட்டு வரும். அது ஏன் என்பது புரிந்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்தது. படத்தைப் பார்த்து அது புரிவதில்லை என்பது என் அனுபவம். விரலை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் புரிகிறது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கறிக்கடையிலிருந்து தொடங்குவோம்.

முதல் வேலை: சொல்லைச் சரி செய்வது

கடைக்குப் போவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் எல்லாமே நரம்புதான். கையில் பச்சையாகத் தெரிவது நரம்பு, ட்ரிப்ஸ் ஏற்றுவது நரம்பில், காலில் வீங்கிச் சுருண்டால் நரம்பு சுருட்டல். இதில் எதுவுமே நரம்பு இல்லை. நரம்பு என்பது மின் செய்தி கொண்டுபோகும் வெள்ளைக் கயிறு. நடுவே துளை கிடையாது. இரத்தம் ஓடுவது நாளத்தில். உள்ளே துளை உள்ள குழாய் அது.

நாளங்கள் மூன்று வகை. இதயத்திலிருந்து வெளியே போவது தமனி. இதயத்துக்குத் திரும்பி வருவது சிரை. இரண்டுக்கும் நடுவில் முடியை விட மெல்லிய தந்துகி. "தமனியில் நல்ல இரத்தம், சிரையில் கெட்ட இரத்தம்" என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள். போகும் திசைதான் கணக்கு, நிறம் கிடையாது. நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த இரத்தமும் நுரையீரல் சிரையில் ஆக்சிஜன் நிறைந்த இரத்தமும் ஓடும். நிறத்தை நம்பிப் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள். நீல இரத்தம் என்றும் ஒன்று இல்லை. அது படம் போடுபவர்களின் வசதி. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

கடையில் என்ன கேட்க வேண்டும்

முதல் முறை நான் "ஒரு ஆட்டு இதயம்" என்று கேட்டு வாங்கினேன். கடைக்காரர் நல்ல மனசோடு நான்காகக் கீறி, குழாய்களையெல்லாம் நறுக்கிச் சுத்தமாகக் கழுவிக் கொடுத்தார். குழம்புக்கு உதவும், பாடத்துக்கு உதவாது. அதனால் இப்படிக் கேளுங்கள்: "பாய், ஈரக்குலை முழுசா வேணும். வெட்டாதீங்க, மேல இருக்கிற குழாயெல்லாம் நாலு விரக்கடைக்கு விட்டுக் குடுங்க." நெல்பேட்டைப் பக்கம் காலையிலேயே போனால் கிடைத்துவிடும். "ஈரக்குலை நடுங்கிப்போச்சு" என்கிறோமே, அந்த ஈரக்குலைதான். ஈரல், நுரையீரல், இதயம் மூன்றும் ஒரே கொத்தாகத் தொங்கும். நமக்கு அந்த மூன்றும் வேண்டும்.

வீட்டில் ஒரு பழைய தாம்பாளம், கூரான கத்தரிக்கோல், நான்கைந்து ஈர்க்குச்சி, ஒரு டம்ளர், ரப்பர் கையுறை. சின்னப் பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பச்சைக்கறி தொட்ட கையை முகத்தில் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

ஆட்டு இதயம் உள்ளங்கையில் அடங்கிவிடும். மனித இதயம் அவரவர் மூடிய கை அளவு, எடை ஏறத்தாழ 250 முதல் 350 கிராம். அறைகளும் (மேலே இரண்டு ஆரிக்கிள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள்) வால்வுகளும் இரண்டிலும் ஒன்றேதான். வேறுபடும் இடங்களை வரும்போது சொல்கிறேன்.

வெட்டாமல் வெளியே பார்ப்பது

இதயத்தைச் சுற்றி மெல்லிய பை ஒன்று இருக்கும். கடைக்காரர் அதை எடுக்காமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். இதுதான் இதய உறை. உள்ளே வழுவழுப்பான திரவம் கொஞ்சம் இருக்கும். துடிக்கும்போது சுற்றியுள்ளதோடு உராயாமல் இருப்பதற்கு. இதைக் கீறி நீக்கிவிடுங்கள்.

இப்போது எது இடப்பக்கம்? எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். இரண்டு பக்கமும் அமுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் லேசாக அமுங்கும், அது வலது. இன்னொரு பக்கம் கல்லு மாதிரி இருக்கும், அது இடது. கூர்முனை முழுக்க இடது வெண்ட்ரிக்கிளுக்குச் சொந்தம். இதயத்தின் முன்பக்கம் உங்களைப் பார்க்கும்படி வைத்தால் அதன் இடது உங்கள் வலது கைப் பக்கம் வரும். எதிரே ஒரு ஆள் நிற்பது போல நினைத்துக்கொள்ளுங்கள். மனித உடலில் இது நெஞ்சின் நடுவில், இரண்டு நுரையீரலுக்கும் இடையில் சாய்ந்து கிடக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டுக்கு இடப்புறம். "இதயம் இடது பக்கம்" என்பது முழுச் சரியில்லை. நடுவில் இருந்துகொண்டு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

முன்பக்கத்தில் கொழுப்பு படிந்த பள்ளம் ஒன்று சாய்வாக இறங்கும். அந்தக் கொழுப்பை நகத்தால் மெல்ல விலக்குங்கள். நூல் போல ஒரு குழாய் தெரியும். இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் கரோனரி தமனியின் கிளை அது. மனிதனில் இதே பள்ளத்தில் ஓடும் கிளை அடைபட்டால் வருவது பெரிய மாரடைப்பு. இவ்வளவு மெல்லிய குழாயா என்று அக்கா மகள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாய்களுக்குப் பெயர் வைப்பது

மேலே இருக்கும் வாய்களில் ஒவ்வொன்றாக விரலை வையுங்கள். தடித்து, வெள்ளையாக, கிள்ளிவிட்டாலும் மறுபடி வட்டமாக விரிவது பெருந்தமனி. மனிதனில் இது ஏறக்குறைய 2.5 செ.மீ. விட்டம் இருக்கும். அதற்கு முன்னால் கொஞ்சம் மெல்லிய சுவரோடு இருப்பது நுரையீரல் தமனித் தண்டு. துவண்டு ஒட்டிப்போய் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருப்பவை பெருஞ்சிரைகள்: மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் வலது ஆரிக்கிளில் திறக்கும். பின்பக்கம் நுரையீரலிலிருந்து இடது ஆரிக்கிளுக்கு வருபவை நுரையீரல் சிரைகள். மனிதனுக்கு வழக்கமாக நான்கு.

பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவில் ஒரு வெள்ளை நார் இருக்கும். தேடிப் பாருங்கள். தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லை; இரத்தம் அதைத் தாண்டிப் போக இந்த இடத்தில் குறுக்குக் குழாய் இருந்தது. பிறந்தபின் மூடி நாராகிவிட்டது. நமக்கும் அப்படித்தான்.

பெருந்தமனி வளையும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஆட்டில் அங்கிருந்து ஒரே ஒரு தண்டு கிளம்பிப் பிறகு பிரியும். மனிதனுக்கு மூன்று கிளை: முதலாவது பிரிந்து வலது கைக்கும் தலையின் வலப்பக்கத்துக்கும் போகிறது, இரண்டாவது தலையின் இடப்பக்கத்துக்கு, மூன்றாவது இடது கைக்கு. தேர்வில் ஆட்டைப் பார்த்து எழுதிவிடாதீர்கள்.

தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் செய்துவிட வேண்டும். உள்ளே உறைந்த இரத்தத்தைக் குழாயடியில் அலசிவிட்டு, பெருந்தமனியை நிமிர்த்திப் பிடித்து டம்ளரால் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இதயத்துக்குள் இறங்காமல் குழாயிலேயே நிற்கும். மேலிருந்து பார்த்தால் சட்டைப் பை போன்ற மூன்று மடிப்புகள் தண்ணீரால் உப்பி, நடுவில் வாய் சேர்ந்து மூடியிருப்பது தெரியும். இதுதான் அரைச்சந்திர வால்வு. இதை மூட தசை எதுவும் கிடையாது. திரும்ப வரும் இரத்தமே அதை மூடுகிறது. தண்ணீர் மெல்ல மெல்லக் குறைந்தால் பயப்பட வேண்டாம். கரோனரி தமனி வழியாகக் கசிகிறது.

ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் "லப் டப்" சத்தம் வால்வுகள் மூடும் சமயத்தில் வருவது. லப் என்பது ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் இடையில் உள்ள வால்வுகள் மூடும்போது. டப் என்பது இப்போது பார்த்த அரைச்சந்திர வால்வுகள் மூடும்போது.

வலப்பக்கத்தைத் திறப்பது

மேற்பெருஞ்சிரையின் வாயில் கத்தரிக்கோலை விட்டு, வலது ஆரிக்கிள் வழியாக வலது வெண்ட்ரிக்கிளின் வெளிச்சுவரோடு முனைவரை வெட்டி விரியுங்கள். ஆரிக்கிள் சுவர் சவ்வு மாதிரி மெல்லிசாக இருக்கும். பக்கத்து அறைக்கு இரத்தத்தைத் தள்ள அவ்வளவு போதும். இரண்டு ஆரிக்கிளுக்கும் நடுச்சுவரில் முட்டை வடிவில் ஒரு பள்ளம் தெரிகிறதா? கருவில் இருந்தபோது அதுவும் ஒரு திறந்த வாசல்தான்.

ஆரிக்கிளுக்குக் கீழே மூவிதழ் வால்வு. இதழ்களின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கி, சுவரிலிருந்து முளைத்த தசை மேடுகளில் கட்டியிருக்கும். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற நூல் நினைவுக்கு வரும். ஒன்றை இழுத்துப் பாருங்கள், லேசில் அறுபடாது. இந்த நூல்கள்தான் வால்வை இழுத்துத் திறக்கின்றன என்று பல பிள்ளைகள் எழுதுகிறார்கள், தப்பு. வால்வைத் திறப்பதும் மூடுவதும் இரத்தத்தின் அழுத்தமே. காற்றில் குடை மேல்பக்கம் புரண்டுகொள்வது போல இதழ்கள் ஆரிக்கிளுக்குள் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் நூலின் வேலை. நடுச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்குக் குறுக்கே ஒரு தசைக் கயிறு போவதையும் பாருங்கள். மின் தூண்டலைக் கடத்தும் இழைகளில் ஒரு பகுதி இதன் வழியாகக் குறுக்கே போகிறது.

இடப்பக்கத்தைத் திறப்பது

இடது ஆரிக்கிளிலிருந்து முனைவரை வெட்டுங்கள். கத்தரிக்கோல் திணறும். வெட்டிய சுவரை வலப்பக்கச் சுவரோடு சேர்த்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். மனிதனில் இடது வெண்ட்ரிக்கிள் சுவர் ஏறத்தாழ 1 செ.மீ., வலது 3 முதல் 4 மி.மீ. இடது அதிக இரத்தம் தள்ளுவதால் தடித்திருக்கிறது என்று நினைத்தால் அதுவும் தப்பு. இரண்டும் தள்ளும் அளவு ஒன்றே: துடிப்புக்குச் சுமார் 70 மி.லி. வித்தியாசம் அழுத்தத்தில். வலது பக்கம் பக்கத்து வீட்டு நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், பாதரசக் கணக்கில் சுமார் 25 மி.மீ. இடது பக்கம் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை அனுப்ப வேண்டும், அதற்கு 120 மி.மீ. இதயம் என்பது ஒரே உறைக்குள் ஒட்டிவைத்த இரண்டு பம்புகள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கே உள்ள வால்வு ஈரிதழ் வால்வு. அதன் முன் இதழுக்குப் பின்னால் கத்தரிக்கோலை விட்டுப் பெருந்தமனியையும் பிளந்துவிடுங்கள். மூன்று மடிப்புகளுக்குச் சற்று மேலே இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். ஒன்றில் ஈர்க்குச்சியை விடுங்கள். வெளியே கொழுப்புக்கு அடியில் முதலில் பார்த்த அந்த நூல் குழாயில் போய் நிற்கும். அறைகள் நிறைய இரத்தம் இருந்தும் இதயத்தின் தடித்த தசை அதைத் தொட்டுக்கொள்ள முடிவதில்லை. பெருந்தமனியின் முதல் கிளையாக வெளியே போய்த்தான் வாங்கிக்கொள்கிறது. இடது தசைக்கு இந்தப் பங்கு பெரும்பாலும் இதயம் தளரும் நொடியில்தான் கிடைக்கிறது, சுருங்கும்போது தசையே குழாயை நசுக்கிவிடுவதால்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று மின் ஏற்பாடு. மேற்பெருஞ்சிரை வலது ஆரிக்கிளில் சேரும் இடத்தில் இருக்கும் சிறு தசைத் திட்டு தானாகவே நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை தூண்டல் கொடுக்கிறது. ஆரிக்கிள்கள் சுருங்கி முடிக்க நேரம் கிடைக்கும்படி நடுவில் இன்னொரு திட்டு சுமார் 0.1 விநாடி தாமதித்துக் கீழே அனுப்புகிறது. கத்தியால் இதைக் காட்ட முடியாது, படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

குளுக்கோஸின் பயணம்

சரி, இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். விரலை வைத்தே போங்கள். இடது கைச் சிரை, தோள் வழியாக மேற்பெருஞ்சிரை, வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல் தந்துகி, நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி. அங்கிருந்து கழுத்துத் தமனி, மூளை. சிரையில் ஏற்றிய எதுவும் இந்தச் சுற்றைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது. காலில் சிரைக்குள் உறைந்த இரத்தக் கட்டி பிய்ந்து வந்தால் நுரையீரலில் போய் அடைப்பதும் இதே வழியில்தான்.

நிமிடத்துக்கு 72 துடிப்பு, துடிப்புக்கு 70 மி.லி. பெருக்கினால் 5 லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமும் பெரியவர்களுக்குச் சுமார் 5 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மொத்த இரத்தத்தின் அளவு நிமிடத்துக்கு ஒரு தடவை இதயத்தைக் கடந்துவிடுகிறது.

ஆட்டை விட்டுவிட்டு உங்கள் உடம்புக்கு

கையைக் கழுவிவிட்டு வாருங்கள். மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் மூன்று விரலை வையுங்கள். சித்த வைத்தியர் நாடி பார்ப்பதும் இதே ஆரத் தமனியில்தான். பெருவிரலால் பார்க்காதீர்கள், அதன் சொந்தத் துடிப்பு குழப்பும். அடுத்து முழங்கை மடிப்பின் உள்பக்கம். இரத்த அழுத்தம் பார்க்கும்போது ஸ்டெதஸ்கோப் வைக்கும் இடம். அடுத்து குரல்வளைக்குப் பக்கவாட்டில் கழுத்து. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் மெல்லத் தொடுங்கள். கடைசியாகப் பாதத்தின் மேல்பக்கம். சர்க்கரை நோயாளிகளின் காலை மருத்துவர் தொட்டுப் பார்ப்பதில் இந்த இடமும் உண்டு.

உள்ளே பெருந்தமனி முதுகெலும்பை ஒட்டி இறங்கி, இரைப்பைக்கும் ஈரலுக்கும், குடலுக்கும், சிறுநீரகத்துக்கும் கிளை கொடுத்துக்கொண்டே வந்து, ஏறக்குறைய தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. ஒரு கைப்பிடி அளவே உள்ள சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன.

தந்துகி: மடையும் வயலும்

மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசனத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. கால்வாயில் தண்ணீர் விரைந்து ஓடும். வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயலில் பரவியதும் நகர்வதே தெரியாது. ஒவ்வொரு வாய்க்காலும் குறுகல்தான். ஆனால் எல்லாவற்றின் அகலத்தையும் கூட்டினால் கால்வாயை விடப் பல மடங்கு. பெருந்தமனியில் சராசரியாக விநாடிக்கு 20 முதல் 30 செ.மீ. ஓடிய இரத்தம் தந்துகியில் ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான் நகர்கிறது. அந்த மெதுவான நேரத்தில்தான் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. தந்துகியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் 5 முதல் 10 பங்கு. சிவப்பணுவின் விட்டமே 7, 8 பங்கு. ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து நெளிந்து போகின்றன.

மடைக்குச் சமமானவை சிறு தமனிகள். சுவரில் உள்ள தசை இறுகினால் தண்ணீர் குறையும், தளர்ந்தால் பாயும். கண்மாயில் தண்ணீர் போதாதபோது முறை வைத்து விடுவது போல உடம்பும் 5 லிட்டரை முறை வைத்துத்தான் விடுகிறது. சாப்பிட்டதும் குடலுக்கு, ஓடினால் தொடைத் தசைக்கு. எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் அழுத்தம் விழுந்து மயக்கம் வரும்.

சிரை: ஹார்வியின் சோதனை

1628ல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி இரத்தம் வட்டமாகச் சுற்றுகிறது என்று நிறுவியபோது காட்டிய சோதனையை நீங்களும் செய்யலாம். முழங்கைக்கு மேல் ஒரு துணியை மிதமாகக் கட்டுங்கள். முன்கையில் சிரை புடைக்கும். அங்கங்கே சிறு முடிச்சு தெரியும் இடங்கள் வால்வுகள். ஒரு விரலால் சிரையை அமுக்கிப் பிடித்து, இன்னொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி அடுத்த முடிச்சைத் தாண்டி வழித்துவிடுங்கள். நடுப்பகுதி வெறுமையாகவே கிடக்கும். மேலிருந்து இரத்தம் இறங்காது. கீழ் விரலை எடுத்ததும் நிரம்பிவிடும். துணியை உடனே அவிழ்த்துவிடுங்கள். தமனியும் சிரையும் எங்கே சேர்கின்றன என்பதை ஹார்வியால் பார்க்க முடியவில்லை. தந்துகியை 1661ல் இத்தாலிய மருத்துவர் மல்பிகி தவளையின் நுரையீரலில் பார்த்தார்.

காலில் இருந்து இரத்தம் மேலே ஏற இதயத்தின் தள்ளல் மட்டும் போதாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரையைப் பிழிகிறது, வால்வு கீழே விடாமல் தடுக்கிறது. நாள் முழுக்க அசையாமல் நின்றால் பிழிய ஆள் இல்லை. சிரை விரிந்து வால்வு பொருந்தாமல் போனால், நாம் நரம்பு சுருட்டல் என்கிற சிரைச் சுருட்டல் வரும். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. அதன் உடற்கூறு நியாயம் இந்தக் கெண்டைக்காலில் இருக்கிறது.

ஈரலுக்குப் போகும் தனிவழி

ஈரக்குலையில் ஈரல் மிச்சம் இருக்கிறதே, அதன் அடிப்பக்கம் குழாய்கள் நுழையும் இடத்தைப் பாருங்கள். குடலிலிருந்து வரும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் ஈரலுக்குள் நுழைந்து, அங்கே மறுபடி தந்துகிகளாகப் பிரிந்து, வடிகட்டப்பட்ட பிறகே கீழ்ப்பெருஞ்சிரைக்குப் போகிறது. விழுங்கிய மாத்திரையில் ஒரு பங்கை ஈரல் சிதைத்துவிடுவதும், ட்ரிப்ஸில் போட்ட மருந்து முழுசாகச் சேர்வதும் இதனால்தான். அக்கா மகளுக்கு இந்த இடத்தில் முகம் மலர்ந்தது. வார்டில் பார்த்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

கடையில் தனியாகக் கேட்டு வாங்கும் சுவரொட்டி வேறொன்றுமில்லை, மண்ணீரல்தான். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடான அணுக்களை ஒழித்துக்கட்டும் முக்கியமான இடம் அது. அதன் இரத்தமும் போர்ட்டல் சிரையில் சேருகிறது.

நிணநீரையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தந்துகியிலிருந்து கசிந்து, திரும்பாமல் தங்கிய நீரைத் தனிக் குழாய்கள் சேகரித்து, பெரும்பகுதியை இடது கழுத்தடியில் சிரையில் கொண்டுவந்து கொட்டுகின்றன.

எல்லாம் முடிந்ததும் தாம்பாளத்தை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துவிடுங்கள். குச்சி குத்திய இதயத்தைக் குழம்பில் போட வேண்டாம். ஈரலை மட்டும் அன்று மதியம் அக்கா மிளகு தட்டிப் போட்டு வறுத்தாள். சுவரொட்டியையும் வெட்டிக் காட்டலாம் என்று நான் கையை நீட்டினேன். "அதுல கத்திய வச்சே, சோறு கிடையாது" என்று பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.